பத்து இடத்திலையும் ஓம்

மகள்,

நாங்கள் இஞ்சை சுகம் எண்டு முதல் வரி எழுதிப்போட்டு வெட்டினனான். வெட்டின இடம் அசிங்கமாய்க் கிடக்கு. வேறை தாள் எடுக்கப் பஞ்சியாய் இருக்கு, அப்பிடியே கிடக்கட்டும். நான் சுகமில்லை. அப்பா சுகம். போன ஞாயிறு பகேரியாவுக்கு ரெயினேறி வந்து, நீ வேலை செய்யிற கோப்பி பாரிலை ஒரு கோப்பி குடிச்சு, உன்னோடை நாலு வசனம் கதைச்சுப்போட்டுத் திரும்பி வந்தவர், "பிள்ளை மெலிஞ்சு போனாள்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் படுத்திட்டார். நான் போன் எடுத்தால் நீ "ஓம் அம்மா, சாப்பிட்டனான் அம்மா, வைக்கிறன் அம்மா" எண்டு மூண்டு அம்மாவோடை முடிக்கிறாய். வொய்ஸ் அனுப்பலாம் எண்டால் நீ வேகத்தைக் கூட்டிக் கேக்கிற ஆள், என்ர குரல் எலி கத்தின மாதிரி இருக்குமெண்டு நீயே சொல்லிச் சிரிச்சனீ. அதாலைதான் கடிதம். எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதுக்கு இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனம் வருது. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிப்போடுறன், பிறகு எழுத எழுதப் பயந்து விட்டிடுவன். என்ர கால் போனது உனக்குக் கால் பாக்கத் தெரியாததாலை இல்லை. நான் உனக்குப் பொய் சொன்னனான். ஆறு மாசம், ஒரு ஞாயிறும் தவறாமல் சொன்னனான்.

கால் வைத்தியம் படிக்கப்போறன் எண்டு நீ வந்து நிண்ட அண்டைக்கு நான் என்ன சொன்னனான் எண்டு உனக்கு மறந்திருக்காது. "கண்டறியாத படிப்பு! கால்நகம் வெட்டுறதுக்கு ஒரு யூனிவேர்சிட்டியோ?" எண்டு கேட்டனான். பதினொரு வருசம் வேலைவீட்டுச் சிஞ்ஞோராவின்ர நகம் வெட்டினனான், எனக்கு ஆர் பட்டம் தந்தது எண்டும் கேட்டனான். நீ அழேல்லை. "அந்தச் சிஞ்ஞோராவாலைதான் அம்மா" எண்டாய். நான் கேட்டும் கேக்காத மாதிரி வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டன். பிறகு மாதா கோயிலிலை ஆராவது விசாரிச்சால் "மகள் டொக்டருக்குப் படிக்கிறாள்" எண்டு சொல்லித் திரிஞ்சன். என்ன டொக்டர் எண்டு கேட்டால் "எலும்பு" எண்டுபோட்டுக் கதையை மாத்திப்போடுவன். ஒருநாள் பூசை முடிஞ்சு வெளியிலை நிக்கேக்கை நீ பின்னாலை நிண்டு இதைக் கேட்டுப்போட்டாய். வீடு வருமட்டும் எனக்கு முன்னாலை விறுவிறெண்டு நடந்தாய். உன்ர படிப்பை நினைச்சு வெக்கப்பட்ட முதல் ஆள் நான்தான். இப்ப நீ வெக்கப்படுறதைப் பாக்கப் பொறுக்குதில்லை.

சிஞ்ஞோராவை உனக்கு ஞாபகம் இருக்கும். கால்சாப் பகுதியிலை அந்தப் பெரிய வீடு, பளிங்குத் தரை. நான் அங்கையே தங்கி அவவைப் பாத்த காலம் அது. கிழமையிலை ஞாயிறும் வியாழன் பின்னேரமும்தான் எனக்கு லீவு. வியாழக்கிழமைகளிலை அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்திலையிருந்து நேரே அங்கை கூட்டிக்கொண்டு வருவார். சிஞ்ஞோராவின்ர காலைக் கழுவித் துடைச்சு நகம் வெட்டி முடிச்சால்தான் நான் வெளிக்கிடலாம். நீ புத்தகப் பையைக் கழட்டாமல் கதவடியிலை நிண்டு பாப்பாய். "சத்தம் போடாதை, சிஞ்ஞோராவுக்குத் தலையிடி" எண்டு அதட்டுவன். நாலு நாள் காணாத பிள்ளைக்கு நான் சொல்லுற முதல் வார்த்தை அது. எனக்கு இப்ப இருக்கிற அதே சீனி வருத்தம்தான் அவவுக்கும். ஒரு மாரிக்கு அவவின்ர பெருவிரல் கறுத்துது. நான் மருந்து பூசித் துணி சுத்தினன். மகன்காரன் வந்து எட்டிப் பாத்துப்போட்டு, "வயசு போட்டுது" எண்டான். வருசம் முடியமுன் முழங்காலுக்குக் கீழை கால் இல்லை, அடுத்த வருசம் ஆளே இல்லை. செத்தவீட்டிலை நீ என்ர சட்டையை இழுத்து, "ஏன் அம்மா ஒருத்தரும் முதலே பாக்கேல்லை?" எண்டு கேட்டாய். உனக்கு ஒன்பது வயசு. நான் உன்னை வாயை மூடச் சொன்னன்.

அப்ப எனக்குத் தெரியாமல் இல்லை, பிள்ளை. சீனி வருத்தக்காரரின்ர கால் எப்பிடிப் போகும் எண்டதை நான் கிட்ட நிண்டு, மணந்து பாத்தனான். "தெரியாமல் செய்துபோட்டா அம்மா, பாவம்" எண்டு நீ எனக்காகச் சாட்டுத் தேடாதை எண்டதுக்காகத்தான் இதை எழுதுறன்.

உன்ர படிப்பை வெளியிலை மறைச்சாலும் வீட்டுக்குள்ளை எனக்கு அது பிடிச்சுப்போச்சு. முதல் வருசம் ஞாயிற்றுக்கிழமைகளிலை நீ என்ர காலை உன்ர மடியிலை தூக்கி வைச்சு, நீலப் பேனையாலை எலும்புகளின்ர பேரை எழுதினனீ. முதல் நாள் நான் காலை வெடுக்கெண்டு இழுத்தன். பெத்த பிள்ளையின்ர மடியிலை காலை நீட்டுறதோ, பாவமெல்லோ? "அம்மா, ஆட்டாதேங்கோ, இருபத்தாறு எலும்பு, நாளைக்குச் சோதினை" எண்டு கத்தினாய். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போன வீட்டிலை நிலம் துடைக்கேக்கை, செருப்புக்குள்ளாலை இத்தாலியன் எழுத்துத் தெரியுது எண்டு அந்த வீட்டுச் சின்னப் பெட்டை சிரிச்சாள். அழிக்க மனம் வரேல்லை, மூண்டு நாள் அந்த இடத்துக்குச் சவுக்காரம் போடேல்லை. பிறகு நீ கத்தி பிடிக்கப் பழகின மாரிகாலம் வந்துது. காலிலை தடிச்ச காய்ப்புச் சீவப் பழகவெண்டு தோடம்பழத்தின்ர மேல்தோலை மட்டும், வெள்ளை தெரியாமல், சீவிச் சீவி வைப்பாய். வெள்ளை தெரிஞ்சால் ரத்தம் எண்டு கணக்கு. வீடு முழுக்கத் தோடம்பழ வாசம். அப்பா ரண்டு மாசம் உரிச்ச தோடம்பழம் திண்டு வயித்தெரிவு பிடிச்சுக் கிடந்தார். இரண்டாம் வருசம் ஆசுப்பத்திரியிலை பயிற்சி துடங்கினதோடை உன்ர முகம் மாறிச்சுது. முதல் நாள் வந்து கையை முழங்கை மட்டும் மூண்டு தரம் கழுவினாய், சோறு போட்டால் வேண்டாம் எண்டாய். நான் ஒண்டும் கேக்கேல்லை. அந்த மணம் எனக்குத் தெரிஞ்ச மணம்.

மூண்டாம் வருசம் துடங்கேக்கை உங்களைப் படிப்பிக்கிற புரொபெசோரெசா ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை தந்தா. சீனி வருத்தம் இருக்கிற, ஆனால் கால் இன்னும் பழுதாகாத ஒராளைப் பிடியுங்கோ, கிழமைக்கு ஒருக்கால் அந்தக் காலைப் பாத்து ஒரு கொப்பியிலை எழுதுங்கோ, ஒரே காலைப் பாத்துக்கொண்டிருந்தால்தான் கால் மாறுறது கண்ணிலை படும் எண்டா. நீ ஓடி வந்து, "அம்மா, நீங்கள்தான் என்ர கால்!" எண்டு சொன்னாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு உனக்குத் தெரியாது. நீ சின்னனாய் இருக்கேக்கை கிழமையிலை ஒண்டரை நாள்தான் உன்னோடை இருந்தனான், நீ வளந்தாப்பிறகு உனக்கு நேரமில்லை. இப்ப ஞாயிறு பூசை முடிஞ்சு சாப்பிட்டாப்பிறகு ஒரு மணித்தியாலம் என்ர பிள்ளை நிலத்திலை இருந்து என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கப்போறாள்.

முதல் ஞாயிறு நீ அந்தக் கருவியை எடுத்தாய். ஒரு பிடி, நுனியிலை ஒரு துண்டு நைலோன் நரம்பு. எங்கடை மன்னாரிலை மீன்பிடிக்கிற தங்கூசிதான், வேறை ஒண்டுமில்லை. "கண்ணை மூடுங்கோ. இது காலிலை முட்டுறது தெரிஞ்சால் ஓம் எண்டுங்கோ. பத்து இடம்." நான் கண்ணை மூடினன். உன்ர கையிலை கிடந்த ரண்டு காப்பும் கிணிங் எண்டுது. காலிலை ஒண்டும் தெரியேல்லை. திரும்பவும் கிணிங். குதிக்காலிலை மட்டும் ஏதோ மாதிரி இருந்துது. மற்ற இடமெல்லாம் கட்டையிலை தொட்ட மாதிரி. நீ கேட்டாய், "அம்மா, தெரியேல்லையோ? கால் பழுதெண்டால் நீங்கள் ஆசுப்பத்திரிக்கு வரோணும், நான் வேறை ஆளைப் பிடிக்கோணும்." உன்ர குரல் விழுந்துபோச்சு. எனக்கு வெக்கமும் பயமும் ஒண்டாய் வந்துது. "நித்திரை தூங்கிப்போட்டன், திருப்பிச் செய்" எண்டன். நீ திருப்பிச் செய்தாய். நான் காலை விட்டிட்டுக் காப்பைக் கேட்டன். கிணிங் எண்டால் ஓம். கிணிங் எண்டால் ஓம். பத்து இடத்திலையும் ஓம். நடுவிலை நீ தொடாமலே "இப்ப?" எண்டு கேட்டாய், காப்புச் சத்தம் வரேல்லை, நான் இல்லையெண்டன். "கெட்டிக்காரி அம்மா!" எண்டு என்ர காலைத் தட்டினாய். தட்டினதும் சத்தமாய்த்தான் எனக்குக் கேட்டது.

அதோடை விட்டிருந்தாலும் ஒரு மாதிரி. மூண்டாம் ஞாயிறு நீ காப்பைக் கழட்டி மேசையிலை வைச்சாய், ஆசுப்பத்திரியிலை கையிலை ஒண்டும் போடக்கூடாதாம், பழகிப்போச்சு எண்டாய். சத்தம் இல்லாட்டி நான் பிடிபட்டிடுவன். நான் ஏசினன், ஞாபகம் இருக்கோ? "கோயிலிலை உறுதிபூசுதலுக்குப் போட்ட காப்பு, ஞாயிற்றுக்கிழமையிலை குமர்ப்பிள்ளை மூளிக் கையோடை இருக்கிறதோ? இது ஆசுப்பத்திரி இல்லை, வீடு!" நீ பெருமூச்சு விட்டுப்போட்டுத் திருப்பிப் போட்டாய். அம்மா பழைய ஆள், சொன்னால் கேக்கமாட்டா எண்டு நினைச்சிருப்பாய். எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பினம், தமிழ்த் தாய்மார் காப்புக்கும் பொட்டுக்கும் சண்டை பிடிக்கிறது புதினமோ? நான் அந்தப் பழக்கத்தை எடுத்து உன்ர கண்ணைக் கட்டினன். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறது எண்டு சொல்லுவினம். நான் மறைச்சது உன்ர கொப்பியிலை, உன்ர கையெழுத்தாலை.

பிறகு பெரிய வியாழன் வந்துது, கோயிலிலை பன்ரண்டு பேரின்ர பாதம் கழுவுற நாள். இந்த முறை பாதம் கழுவுற பன்ரண்டு பேரிலை பொம்பிளையளும் இருக்கோணும் எண்டு பங்குச் சுவாமி என்ர பேரையும் வாசிச்சார். உனக்கு அது பெரிய விசயமாய்த் தெரியாது. பதினொரு வருசம் இன்னொருத்தியின்ர காலைக் கழுவினவள் நான். என்ர காலை ஒரு ஆளும் கழுவினதில்லை. சுவாமி குனிஞ்சு கழுவித் துடைச்சு வாயாலை முத்தி செய்யப்போற கால், வெடிச்ச குதிக்காலோடையும் காய்ப்போடையும் போய் அவருக்கு முன்னாலை நீட்டுறதோ? அண்டு பின்னேரம் நீ சோதினைக்குப் படிக்கவெண்டு சிநேகிதி வீட்டை போட்டாய். நான் கேத்திலிலை கொதிச்ச தண்ணியைச் சட்டியிலை ஊத்தி, உப்பும் தேசிக்காயும் போட்டு இடது காலை வைச்சன். சூடு தெரியேல்லை. ஆறிப்போச்சாக்கும் எண்டு இன்னும் கொஞ்சம் ஊத்தினன். நல்லாய் ஊறட்டும் எண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தன். அப்பா குளிக்க வந்தவர் சட்டியைத் தள்ளி வைக்கவெண்டு கையை வைச்சிட்டு, "இஞ்சேரும்! விசரே உமக்கு? கை வேகுது!" எண்டு குழறினார். காலை வெளியிலை எடுத்தன். தோல் சட்டியிலை கிடந்துது.

அப்பாவும் வா ஆசுப்பத்திரிக்கு எண்டவர்தான். நான் சன்னதம் ஆடினன். பூசை முடியட்டும், பிள்ளைக்குச் சோதினை முடியட்டும், ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டு அவரைச் சத்தியம் பண்ண வைச்சன். சுவாமி வலது காலைத்தான் கழுவுவார் எண்டு எனக்குத் தெரியும். இடது காலுக்குத் துணி சுத்தி, கால்மேசு போட்டு, சப்பாத்துக்கை திணிச்சுக்கொண்டு போய்ப் பீடத்தடியிலை இருந்தன். சுவாமி என்ர வலது காலைக் கழுவி முத்தி செய்தார். எனக்கு நோகேல்லை, அதுதான் பயங்கரம். அதுக்குப் பிறகு வந்த ஞாயிறு பாஸ்காப் பெருநாள், நீ கால் பாக்கேல்லை. அடுத்த ஞாயிறு "தடிமன், கிட்ட வராதை" எண்டு உன்னைக் கலைச்சன். பன்ரண்டாம் நாள் நீ குசினிக்குள்ளை வந்து நிண்டாய். மூக்கை ஒருக்கால் இழுத்தாய். உன்ர முகம் சாம்பலாய்ப் போச்சு. "அம்மா, சப்பாத்தைக் கழட்டுங்கோ" எண்டாய். என்ர பிள்ளை எனக்கு அந்தக் குரலிலை அதுக்கு முன்னம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆசுப்பத்திரியிலை முதல் ரண்டு விரல் எடுத்தினம். பிறகு பாதி பாதம். அதுகூடப் பரவாயில்லை, மகள், சிஞ்ஞோராவைவிட எனக்கு மிஞ்சின கால் நீளம். எனக்கு நித்திரையிலையும் கேக்கிறது வேறை ஒண்டு. உன்ர புரொபெசோரெசா அஞ்சாறு பிள்ளையளோடை என்ர கட்டிலடிக்கு வந்தா. நீயும் வெள்ளைச் சட்டையோடை அதுக்குள்ளை நிண்டாய். அவ காலைப் பாத்தா, உன்ர கொப்பியை வாங்கி ஒவ்வொரு தாளாய்ப் பிரட்டினா. "ஒவ்வொரு ஞாயிறும் பத்துக்குப் பத்து. ஒரு கால் பன்ரண்டு நாளிலை இப்பிடி உணர்ச்சி கெடாது. ஒண்டில் நீ பாக்காமல் எழுதியிருக்கிறாய், இல்லாட்டி உனக்குப் பாக்கத் தெரியாது. இரண்டிலை எது?" எண்டு கேட்டா. அவ கத்தேல்லை, மெல்லத்தான் கேட்டா. நீ நிலத்தைப் பாத்தாய். மூண்டாவது காரணம் அந்தக் கட்டிலிலைதான் படுத்திருந்தது. முப்பது வருசம் ஆகப்போகுது நான் இந்த ஊருக்கு வந்து, அவ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கினது. வாயைத் திறந்திருக்கோணும். அத்தினை பேருக்கு முன்னாலை, ஒரு வெள்ளைக்கார டொக்டருக்கு முன்னாலை, பிள்ளையை ஏமாத்தின தாய் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பாஷை விளங்காத கிழவி மாதிரி முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன். நீ சொன்னாய், "எனக்குப் பாக்கத் தெரியாது." அடுத்த நாள் நீ போகேல்லை. அதுக்கடுத்த நாளும் போகேல்லை. பிறகு பகேரியாவிலை கோப்பி ஊத்தப் போட்டாய்.

இந்த அஞ்சு மாசமும் நான் பொறுத்துப் பாத்தன், காலம் போனால் ஆறும் எண்டு. ஆறேல்லை. போன கிழமை துணிஞ்சு உன்ர புரொபெசோரெசாவைப் பாக்கப் போனன். வுச்சீரியாவிலை எங்கடை வீட்டு மூண்டு மாடிப்படியை அரைக் காலோடை இறங்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு எழுதினால் நீ அழுவாய், விடு. அப்பாவுக்குச் சொல்லேல்லை. பஸ்ஸிலை ஒரு பெடியன் எழும்பி இடம் விட்டான். புரொபெசோரெசா என்னை அடையாளம் கண்டு கதிரையை இழுத்துப் போட்டா. நான் எல்லாத்தையும் சொன்னன். அவ நம்பேல்லை. "வளையல் சத்தமோ?" எண்டு கேட்டா. "கண்ணை மூடுங்கோ புரொபெசோரெசா" எண்டு சொல்லிப்போட்டு என்ர கையிலை கிடந்த காப்பை மெல்ல ஆட்டினன். சத்தம் கேட்டு அவ விரலைத் தூக்கினா. "இன்னொருக்கால்" எண்டா. ஆட்டினன், தூக்கினா. பிறகு கண்ணைத் திறந்து என்ர காப்பைப் பாத்தா. "வார்ட்டிலை காப்பைக் கழட்டச் சொன்னனான், வீட்டிலை கழட்டச் சொல்லேல்லை" எண்டு தனக்குத்தானே சொன்னா. இந்த மாசக் கடைசி மட்டும் உன்ர இடம் கிடக்காம். அதுக்குள்ளை நீ வராட்டி முழு வருசமும் போகும். உன்னைப் பிழையாய் நினைச்சதுக்குத் தான் மன்னிப்புக் கேப்பன் எண்டும் சொன்னா. "நான் கூப்பிட்டு உங்கடை மகள் வரமாட்டா. தன்ர கையை நம்பாத பிள்ளை கத்தி தூக்கக்கூடாது, அதை நான் திருத்தேலாது. நீங்கள் சொல்லுங்கோ" எண்டா. வெளிக்கிடேக்கை, "அந்த மற்றக் காலை நான் பாக்கட்டோ?" எண்டு கேட்டா. வேண்டாம், மகள் பாப்பாள் எண்டு சப்பாத்தை இறுக்கிக் கட்டினன். "அப்பிடியெண்டால் கெதியாய்" எண்டா.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? எண்டாலும் இதை மட்டும் கேள், இது நான் கால் குடுத்துப் படிச்ச பாடம். நீ கால் வைத்தியம் செய்யேக்கை உன்னட்டை எங்கடை பொம்பிளையள் வருவினம். மாடி மாடியாய்த் துடைக்கிறவையள், கிழவியளைத் தூக்கிக் குளிப்பாட்டுறவையள். "எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, மற்ற ஆக்களைப் பாருங்கோ" எண்டுவினம். நம்பாதை. சிரிச்சுச் சொன்னால் அறவே நம்பாதை. சப்பாத்தைக் கழட்ட வைச்சுப் பார். கழட்டமாட்டன் எண்டு சண்டை பிடிச்சால் அங்கைதான் புண் இருக்கு எண்டு எழுது. அதுக்காகத்தான் இந்தக் கடிதத்தைக் கோயில் திருவிழா மலரிலையும் போடட்டோ எண்டு சுவாமியைக் கேட்டனான். உன்ர பேர் போடமாட்டன், என்ர பேரும் வேண்டாம் எண்டு சுவாமி சொன்னார். ஆனால் பாதி பாதத்தோடை திரியிற ஆள் கோயிலிலை நான் ஒராள்தான், எல்லாருக்கும் விளங்கும். மகள் டொக்டர் எண்டு நான் அளந்ததும் விளங்கும். விளங்கட்டும். நீ ஓம் எண்டால்தான் குடுப்பன்.

என்னை மன்னி எண்டு எழுதேல்லை. மன்னிக்கிறதும் விடுறதும் உன்ர பாடு. உனக்குக் கோவம் வரோணும், வந்தால்தான் நல்லது, இவ்வளவு நாளும் அந்தக் கோவத்தை நீ உன்னிலை காட்டினாய். வந்து என்னை ஏசு. நான் இனி வாய் காட்டமாட்டன் எண்டு சொன்னால் நீ நம்பமாட்டாய், கொஞ்சம் காட்டுவன்.

இன்னொண்டு இருக்கு. எழுதாமல் முடிப்பம் எண்டு பாத்தன், கை விடுதில்லை. போன செவ்வாய் பின்னேரம் வலது கால் செருப்பைக் கழட்டேக்கை உள்ளுக்குள்ளை ஒரு பொத்தான் கிடந்துது. அப்பாவின்ர சேட்டுப் பொத்தான், காலமை தைக்க எடுத்தது. விடியத்துடக்கம் அதுக்கு மேலை நடந்திருக்கிறன். உள்ளங்காலிலை நாலு ஓட்டையோடை அச்சுப் பதிஞ்சிருக்கு. சுவாமி கழுவி முத்தி செய்த கால்தான். நீ விட்டிட்டுப் போன பெட்டிக்குள்ளை அந்தத் தங்கூசியை எடுத்து நானே கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாத்தன். என்ர கைக்குத் தெரியிறதாலை காலுக்கும் தெரியிற மாதிரி இருக்கு. தன்னைத்தானே பாக்கேலாது எண்டு நீ முதல் வருசமே சொன்னனீ.

வாற ஞாயிறு வா. பெட்டி மேசையிலை இருக்கும். கொப்பியிலை ஒரு புதுத் தாளை விரி, பழைய தாளுகளைக் கிழிக்காதை. காப்பைக் கழட்டிப்போட்டு வா. நான் ஒண்டும் ஏசமாட்டன். கண்ணை மூடிக்கொண்டு இருப்பன், நீ அந்தப் பத்து இடத்தையும் தொடு. தெரிஞ்சால் ஓம் எண்டுவன். நான் பேசாமல் இருந்தால், பிள்ளை, திருப்பிக் கேக்காதை. அம்மா பேசாமல் இருந்தா எண்டு எழுது.

அம்மா